யார் இந்த எஸ்.எஸ்.பிள்ளை? சிதம்பரத்தில் இருந்தபடியே உலகக் கணிதத்தில் பெயர் பதித்தவரின் கதை!

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரியவர்னு இப்போ எப்படி அளக்கிறாங்க தெரியுமா? அவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை எண்ணி! இதற்குப் பெயர் 'சைட்டேஷன்'. 2005-ல் வந்த 'எச்-இன்டெக்ஸ்' இன்னும் பிரபலம். ஒருவரின் 10 கட்டுரைகள் தலா 10 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவருடைய எச்-இன்டெக்ஸ் 10. வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாத்துக்கும் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

ஆனால், இந்த அளவுகோலுக்குள் அடங்காத ஒருவர் நம்ம ஊர்ப் பக்கம் வாழ்ந்திருக்கிறார். கீரப்பாளையத்தில் பஸ் ஏறி அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? அவர்தான் எஸ்.சிவசங்கரநாராயண பிள்ளை.

தாயும் இல்லை, தந்தையும் இல்லை

1901 ஏப்ரல் 5-ம் தேதி, குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தார் பிள்ளை. ஒரு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி வருடத்தில் தந்தையும் போய்விட்டார். படிப்பு அத்தோடு நின்றிருக்க வேண்டியது. ஆசிரியர் ஒருவர் கைகொடுத்ததால் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று கல்லூரி வரை போனார். பிறகு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி.

1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டு அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை சிதம்பரம்தான். அவருடைய முக்கியமான வேலைகளில் பெரும்பாலானவை இந்த 12 ஆண்டுகளில் வந்தவை.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

பயப்படாதீங்க, சிம்பிளா பார்க்கலாம். எந்த முழு எண்ணையும் 4 வர்க்க எண்களுக்குள் கூட்டி எழுதிவிடலாம். கன எண்கள் என்றால் 9 போதும். ஆறாம் அடுக்குக்கு எத்தனை வேண்டும்? இதுதான் 1770-ல் வாரிங் கிளப்பிய கேள்வியின் ஒரு பகுதி. 1940-ல் பிள்ளை சொன்ன விடை 73. 703-ஐப் போட்டுப் பாருங்க: 10 முறை 64, 63 முறை 1. மொத்தம் 73. இதற்குக் குறைத்து எழுத முடியாது. இதைவிடப் பெரிய அடுக்குகளுக்கான சூத்திரத்தை, ஒரு நிபந்தனையோடு, 1930-களின் நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதே சமயத்தில் அமெரிக்காவில் டிக்சன் என்ற பெரிய கணித மேதையும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

அடுத்தது, மீப்பெரு பொது வகுத்தி. 1 முதல் 6 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் 6-க்கும் உள்ள மீ.பொ.வ-வைக் கூட்டினால் 15 வரும். இப்படிக் கூட்டும் கணக்கை 1933-ல் ஆராய்ந்தார். இன்று அதற்குப் பெயரே 'பிள்ளை சார்பு'.

மூன்றாவது இன்னும் சுவாரஸ்யம். 4, 8, 9, 16, 25, 27 என அடுக்கு எண்களை வரிசையாக எழுதுங்கள். 8-க்கும் 9-க்கும் இடைவெளி 1. 25-க்கும் 27-க்கும் 2. எந்த ஒரு இடைவெளியும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது என்பது 'பிள்ளை ஊகம்'. இடைவெளி 1-க்கு மட்டும் 2002-ல் மிஹைலெஸ்கு நிரூபித்தார். மற்றவை இன்றும் திறந்தே கிடக்கின்றன.

எண்ணிக்கை எங்கே இடிக்கிறது?

பிள்ளை எழுதியவற்றில் கணிசமானவை இந்தியக் கணிதக் கழக இதழிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலும் வந்தன. மேற்கோள்களை எண்ணும் முதல் பெரிய பட்டியலே 1964-ல்தான் வந்தது. அப்போது பிள்ளை உயிரோடு இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவரின் பெயரே ஒரு கணக்கின் பெயராகிவிட்டால், பெயரைச் சொல்லிவிட்டு அவருடைய பழைய கட்டுரையைக் குறிப்பிடாமலே பலர் கடந்துபோகலாம். அந்த இடங்களில் எண்ணிக்கை ஏறாது.

முடியாத பயணம்

சிதம்பரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர், 1942-ல் கல்கத்தா. 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளக் கிளம்பினார். ஆகஸ்ட் 31-ம் தேதி, கெய்ரோவிலிருந்து புறப்பட்ட விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு வயது 49. மாநாடு அதற்கு முந்தைய நாள்தான் தொடங்கியிருந்தது.

அவருடைய கட்டுரைகள் மொத்தமாக இரண்டு தொகுதிகளாக வர 2010 ஆனது. தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்.பாலசுப்பிரமணியன். வாரிங் கேள்வியில் நான்காம் அடுக்குக்கு விடை 19 என்று 1986-ல் இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்களோடு சேர்ந்து நிரூபித்தவர். சிதம்பரத்தில் பிள்ளை போட்ட கணக்கின் மிச்சத்தைப் போட்டவரே, அவருடைய தாள்களையும் தேடிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.