உயிரணுவின் பூட்டைக் கண்ட மோனோ

ஜாக் மோனோ 1910-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஓவியர். சிறு வயதில் போலியோ நோய் தாக்கி, மோனோவின் ஒரு கால் பலம் குன்றியது. ஆனாலும் அவர் மலை ஏறினார். செல்லோ என்ற நரம்பு வாத்தியமும் வாசித்தார். சங்கீதமா, விஞ்ஞானமா என்று வெகு நாள் தடுமாறினார். கடைசியில் விஞ்ஞானமே வென்றது.

குடலில் வாழும் பாக்டீரியாவை அவர் ஆராய்ந்தார். குளுக்கோஸையும் பால் சர்க்கரையையும் கலந்து கொடுத்தால், அது முதலில் குளுக்கோஸைத்தான் தின்னும். அது தீர்ந்ததும் வளர்ச்சி சற்று நின்றுவிடும். பிறகுதான் பால் சர்க்கரையில் வாய் வைக்கும்.

அந்தச் சிறிது நேரத்தில் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வி மோனோவை விடவில்லை.

1940-ல் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்தது. மோனோவின் மனைவி யூத வம்சத்தவர். இரட்டைக் குழந்தைகள் வேறு. பிடிபட்டால் குடும்பமே அழியும். அப்படியிருந்தும் மோனோ ரகசியப் போராட்டத்தில் சேர்ந்தார். தோழர்கள் கைதானதும் தலைமறைவானார். பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆந்த்ரே லுவோஃப் அவருக்கு இடம் கொடுத்தார். ஆராய்ச்சி அங்கே தொடர்ந்தது.

1944-ல் பாரிஸ் விடுதலை அடைந்தது. பிறகு பிரான்சுவா ஜக்கோப் அவருடன் சேர்ந்தார். அவர் போரில் படுகாயம் அடைந்து, அறுவை வைத்தியர் ஆகும் ஆசையை இழந்தவர். 1961-ல் இருவரும் விடையை வெளியிட்டார்கள்.

பால் சர்க்கரையை உடைக்க ஒரு புரதம் வேண்டும். அதைச் செய்யும் முறை பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் எப்போதும் எழுதியிருக்கிறது. ஆனால், அந்தப் பக்கத்தில் ஒரு பூட்டு தொங்குகிறது. பூட்டும் ஒரு புரதமே. குளுக்கோஸ் தீர்ந்து, பால் சர்க்கரை உள்ளே வந்தால் பூட்டு கழன்று விழும். வேலை தொடங்கும். பால் சர்க்கரை தீர்ந்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். வேண்டாத வேலையில் சக்தி வீணாவதில்லை.

நம் உடம்பிலும் இப்படித்தான். கண்ணின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். நம் உடம்பின் பூட்டுகள் இன்னும் பலவகை. திறக்கக் கூடாத பக்கம் திறந்தால் புற்றுநோய்கூட வரலாம்.

1965-ல் மோனோ, ஜக்கோப், லுவோஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1971-ல் மோனோ, தமக்குப் புகலிடம் தந்த பாஸ்டர் நிலையத்துக்கே தலைவர் ஆனார். 1976-ல் கான் நகரில் காலமானார்.

பாக்டீரியா சற்று நின்ற அந்தச் சிறிது நேரத்துக்கு விடை காண, அவருக்கு 20 ஆண்டுகள் ஆயின.