நீலக் கலம் வனைந்த குருசரண் சிங்

சொல்லை வனைவோர் கூடும் இலக்கிய மன்றத்தின் மலரில், மண்ணை வனைந்த ஒருவரைப் பற்றி எழுதுவது பொருத்தமேயாகும். சங்கப் புலவர் வரிசையில் வெண்ணிக் குயத்தியார் வீற்றிருக்கிறார். புறநானூற்றில் கணவனை இழந்த ஒருத்தி, ஈமத்தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாக வனையும்படி வேண்டுவதும் குயவரிடமே. ஆயினும் வெண்ணிக் குயத்தியாரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊரும் தொழிலுமே அவர் பெயராயின. நம் புதுக்கோட்டைச் சீமையின் ஐயனார் கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகளை வியப்பவர் பலர். அவற்றைச் செய்தவர் யாரெனக் கேட்பவர் சிலர். இந்நாட்டில் கலம் வனைபவர் தனிக் கலைஞராகப் பெயர் பெறும் வரலாறு இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. அவ்வரலாற்றின் முதற்பெயர் சர்தார் குருசரண் சிங்.

காஷ்மீரத்து மண்ணில் வளர்ந்த அவர் ஜம்முவில் நிலவியல் பயின்றார். மண்ணைத் தொடுமுன் கல்லை அறிந்தவர் எனலாம். புதுதில்லி கட்டப்பட்டு வந்த காலத்தில், ராம் சிங் காபுலி என்பாரின் தில்லித் தொழிலகத்தில் சேர்ந்தார். செங்கல்லும் ஓடும் செய்யும் அவ்விடத்தில் அப்துல்லா என்னும் பதான் மரபுக் குயவர் ஒருவர் இருந்தார். தில்லியின் பழைய கல்லறை மாடங்களில் ஒளிரும் நீல ஓடுகளின் கைத்திறம் அவரிடம் வாழ்ந்தது. காரத்தன்மை மிகுந்த மெருகுடன் செம்பு கலந்தால் மயில் கழுத்தின் பசுநீலமும், கோபால்ட் கலந்தால் அடர்நீலமும் பிறக்கும். பட்டம் பெற்ற இளைஞர் அந்நீலத்தைக் கற்றது மரபுவழிக் கைவினைஞர் ஒருவரிடம் என்பது நோக்கத்தக்கது.

1919-இல் மண்பாண்டத் தொழில்நுட்பம் பயில ஜப்பான் சென்றார். தொழிற்சாலை முறைகளைக் கற்கச் சென்றவருக்கு டோக்கியோவில் வேறொரு கல்வியும் வாய்த்தது. சிந்தனையாளர் யனாகி, கலம் வனைவோரான ஹமாதா, கவாய், தொமிமொதோ, ஆங்கிலேயர் பெர்னார்டு லீச் ஆகியோரின் நட்பைப் பெற்றார். ஒரு தேநீர்க் கிண்ணத்தை ஓவியத்துக்கு நிகராகப் போற்றும் நாடு அது. அதே வேளையில், பெயரறியா எளிய கைகள் அன்றாடப் பயன்பாட்டுக்குச் செய்த பொருள்களிலேயே அழகு குடிகொண்டுள்ளது என்பது யனாகியின் கொள்கை. கலைஞனின் தனிப்பெயர், பெயரற்ற மரபு என்னும் இரண்டையும் ஒருசேரச் சுமந்துகொண்டு 1922-இல் குருசரண் சிங் நாடு திரும்பினார்.

திரும்பியவுடன் கலைக்கலங்களை மட்டுமே வனைந்து வாழும் நிலை அமையவில்லை. தாமே மண் பதப்படுத்தி, வனைந்து, மெருகிட்டு, சூளையேற்றும் தனிக்கூடத்துக்காக அவர் முப்பதாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1952-இல் தில்லியில் அக்கூடம் எழுந்தது. குவளைகளும் பூச்சாடிகளும் நீல ஓடுகளும் பலகணிச் சல்லடைகளும் அங்கிருந்து வெளிவந்தன.

அதே ஆண்டுகளில் ஸ்வீடனின் ரோர்ஸ்ட்ராண்ட், குஸ்தாவ்ஸ்பெரி, பின்லாந்தின் அராபியா ஆகிய தொழிலகங்கள் தரையில் நிறுத்தும் உயரமான பூச்சாடிகளை வனைந்து உலகப் புகழ் ஈட்டின. ஸ்டோன்வேர் எனப்படும் அவ்வகை நமக்குப் புதியதன்று. பாட்டியின் ஊறுகாய்ச் சாடியும் அவ்வினமே. ஊர்ப்பானை மென்சூட்டில் வெந்து, நீரைக் கசியவிட்டுக் குளிர்விக்கிறது. சாடியோ 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கல்லாக இறுகி, ஒரு துளியும் கசியாமல் காக்கிறது. வடபுலத்தார் தம் மெருகுகளுக்குச் சீனத்தையும் ஜப்பானையும் நோக்கினர். குருசரண் சிங்கும் அந்த ஊற்றில் நீர் முகந்தவரே. எனினும் அவர் சூளையில் தில்லியின் நீலமும் இருந்தது.

தம் கூடத்துக்கு அவர் சூட்டிய பெயர் இங்கே எண்ணற்பாலது. தம் பெயரைச் சூட்டாமல் ‘தில்லி நீலம்’ என்றே அழைத்தார். ஊரின் பெயரும் அப்துல்லாவின் கைவண்ணமும் அதில் அடங்கின. 1979-இல் இந்திய மண்பாண்டக் கலையைப் பற்றி நூலொன்று எழுதினார். பத்மஸ்ரீ விருது அவரை 1991-இல்தான் வந்தடைந்தது. 1995-இல் மறைந்தார். அவர் மைந்தர் இமயத்து அடிவாரமான அந்திரேட்டாவில் கலக்கூடம் அமைத்தார். தென்னகத்தில், 1971 முதல் புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் கூடம், அமெரிக்கர் இருவரின் முயற்சியால், இத்தகைய கலங்களை வனைவோர் தலைமுறைகளை உருவாக்கியது.

பத்தாண்டு நிறைவில் நிற்கும் நம் மன்றத்துக் கவிஞர்கள் இவ்வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பாட்டின் அடியில் நம் பெயரைப் பொறிப்பது தவறன்று; குயவர்க்கு அவ்வுரிமை கிட்டவே நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் அப்பெயருக்குப் பின்னே நமக்குச் சொல் தந்த தாலாட்டுக்காரிகளும் நடவுப் பெண்களும் கூத்தரும் நிற்கின்றனர். அவர்களின் நீலம் நம் கலத்தில் தெரிய வேண்டும். தெரியுமாறு வனைந்தவர் குருசரண் சிங்.