கடுவெளிச் சித்தர்

உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்திற்குத் தென்மேற்கே, கழுவேலி ஏரியைக் கடந்து புதுச்சேரியை நோக்கிச் செல்வோர் இரும்பை என்னும் சிற்றூரைக் காண்பர். இலுப்பை மரங்கள் மிகுந்திருந்தமையால் இப்பெயர் அமைந்ததென்பர். மாகாள முனிவர் வழிபட்டதாகப் புராணங் கூறும் மாகாளேசுவரர் திருக்கோயில் இங்குள்ளது. அம்மையின் திருநாமம் குயில்மொழியம்மை. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய இத்தலம், தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32-இல் ஒன்றாம். இக்கோயிலோடு பிரிக்கலாகாத பெயருடையவர் கடுவெளிச் சித்தர்.

அவருடைய வரலாறு வழிவழியாக ஊரார் நாவில் வாழ்ந்து வருவது. அரசமரத்தடியில் அமர்ந்து அவர் நெடுங்காலம் தவம் புரிந்தார். உதிரும் இலைகளே அவர்க்கு உணவு. மேனியைச் சுற்றிப் புற்று வளர்ந்தது. அந்நாளில் மழை பொய்த்து, ஏரி குளங்கள் வறண்டன. சித்தரது தவக்கனலே மழையைத் தடுத்ததென்று அரசன் எண்ணினான். எனினும் தவத்தைக் கலைக்க எவருந் துணிந்திலர். கோயிலில் ஆடல் புரியும் வள்ளி என்னும் நங்கை அப்பணியை ஏற்றாள். அவள் வன்மை செய்தாளில்லை. இலைக்காகச் சித்தர் நீட்டிய கையில் அப்பளம் ஒன்றை நாள்தோறும் வைத்து வந்தாள். உண்ண உண்ண உடல் தேறியது, கண்ணும் திறந்தது. நாட்டின் துயரைக் கேட்டறிந்த சித்தர் புற்றினின்றும் வெளிவந்தார், மழையும் பொழிந்தது.

மகிழ்ந்த அரசன் மாகாளேசுவரர்க்கு விழா எடுத்தான். வள்ளி ஆடினாள், சித்தரும் அவையில் இருந்தார். ஆட்டத்தின் விரைவில் அவள் காற்சிலம்பு கழன்று வீழ்ந்தது. ஜதி தவறின் இறைவன் திருமுன் நிகழும் ஆடல் பழுதுபடுமே என்றெண்ணிய சித்தர், விரைந்தெழுந்து அச்சிலம்பை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கலையைக் காக்க நீண்ட கையைக் காமத்தின் கையென்று அவையோர் கருதி நகைத்தனர். உள்ளங் கொதித்த சித்தர், தம் தூய்மைக்கு இறைவனே சான்று பகரவேண்டுமென்று முறையிட்டார். அக்கணமே சிவலிங்கம் மூன்றாகப் பிளந்தது. அதன் சிதறல் வீழ்ந்த இடங்களிற் புல்லும் முளையாதென்று அவர் சபித்தார். அரசனும் மக்களும் அடிபணிந்து வேண்டவே, சினந்தணிந்து, பிற்காலத்தில் தொலைநாட்டினின்றும் வருவோரால் நிலம் மீண்டும் தழைக்குமென்று அருளினார் என்பர். பிளந்த லிங்கம் செப்புத் தகட்டால் இணைக்கப்பெற்று இன்றும் வழிபடப்படுகின்றது.

சித்தர் பெயரால் வழங்கும் ஆனந்தக் களிப்புப் பாடலை அறியாத தமிழர் சிலரே. குயவனை வேண்டிப் பெற்ற தோண்டியைக் கூத்தாடி உடைத்த ஆண்டியின் கதை அதிலுள்ளது. அப்பாடலே பிறரைச் சபித்தலும் சினங்கொள்ளலும் தகாவென்று மனத்துக்கு அறிவுறுத்துகின்றது. சபித்தவரே சாபத்தை விலக்குவது முரணன்றோ எனின், எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நகைத்தவர் அவையிலிருந்த சிலரே; நிலம் வாடியதோ அனைவர்க்குமாயிற்று. யாதொரு தீங்கும் எண்ணாத உழவனும் அத்தண்டனையிற் பங்கு பெற்றான். சினத்தின் இக்கொடுமையைக் கண்கூடாகக் கண்டவர்க்கன்றி அவ்வறிவுரை கூறும் உரிமை யார்க்குண்டு?

நிலம் வறண்டமைக்கு இயற்கைக் காரணமும் உண்டு. இப்பகுதியின் பசுமைமாறாக் காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய செடிகளை ஆடுமாடுகள் மேய்ந்தன. காப்பற்ற செம்மண்ணை மழைநீர் அரித்துக் கடலிற் சேர்த்தது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அணித்தே ஆரோவில் நகர் தொடங்கப்பெற்றது. பன்னாட்டினரும் சுற்றூர் மக்களும் கூடிக் கரையெடுத்து, மழைநீரைத் தேக்கி, மரங்களை நட்டனர். பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேடு காடாயிற்று. சித்தர் வாக்குப் பலித்ததென்று கூறுவாரும் உளர்.

ஒரு கணத்து நகையும் ஒரு கணத்துச் சினமும் கெடுத்ததைத் திருத்தப் பல கைகள் பல்லாண்டு உழைக்க வேண்டியதாயிற்று. இரும்பைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் அச்செப்புத் தகட்டைக் காணுங்கால் இதனை நினைப்பாராக.