ஒரே நேரத்தில் 3 பேஷன்ட் அழைத்தால்..? நர்சிங் இன்டர்வியூ கேள்வியும் வேலூர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையும்

வேலூரில் காலை 9 மணிக்கு நர்சிங் இன்டர்வியூ. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இருப்பவர் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மலைப்பாதை வளைவுகளில் இறங்கி போளூர் வர வேண்டும். அங்கிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ். ஜமுனாமரத்தூர்காரருக்கே இந்தக் கதை என்றால், இன்னும் உள்ளே இருக்கும் கிராமத்துப் பெண் முதல் நாளே இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவதுதான் சேஃப்.

பைலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மார்க் ஷீட், கோர்ஸ் முடித்த சர்டிஃபிகேட், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று, அனுபவச் சான்று, இரண்டு போட்டோ. அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. நடத்தும் எழுத்துத் தேர்வு. நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது பெரும்பாலும் தனியார் மற்றும் டிரஸ்ட் மருத்துவமனைகளில்தான்.

அப்படி உட்காரும்போது, சுற்றிச் சுற்றி வரும் கேள்விகள் இரண்டு. ஒன்று, ஏன் நர்சிங் எடுத்தீர்கள்? இன்னொன்று, நைட் டியூட்டியில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், ஒரே நேரத்தில் மூன்று பேஷன்ட் அழைக்கிறார்கள், யாரிடம் முதலில் போவீர்கள்?

இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் வேலூரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரும். டாக்டர் ஐடா ஸ்கடர். ஏன்னா, அவருடைய வாழ்க்கையே ஒரே இரவில் வந்த மூன்று அழைப்புகளில் இருந்துதான் திசை மாறியது. அந்த இரவில் அவர் யாரிடமும் போகவில்லை. போகவும் முடியவில்லை.

யார் இந்த ஐடா ஸ்கடர்?

1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்கக் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனரி. அப்பாவும் டாக்டர். அந்தக் குடும்பத்தில் மிஷனரி ஆவது என்பது கிட்டத்தட்ட குடும்பத் தொழில் மாதிரி.

ஐடாவுக்கு அதில் துளியும் விருப்பம் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் சின்னப் பிள்ளை. பசியால் நடக்கவும் முடியாத குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்த ஞாபகம் அவரிடம் இருந்தது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பிறகு, இந்த வெயிலும் பஞ்சமும் வேண்டாம், அங்கேயே செட்டில் ஆகிவிடலாம் என்பதுதான் பிளான்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனம் வந்தார். வயது ஏறக்குறைய 20.

மூன்று அழைப்புகள்

திண்டிவனத்தில் ஓர் இரவு. ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், உடனே வர வேண்டும் என்றார். ஐடா தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார். வந்தவர் மறுத்துவிட்டார். அந்தக் கால வழக்கப்படி, வெளி ஆண் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணைப் பார்க்க அனுமதிக்க முடியாது.

அவர் போன பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே அவசரம், அதே பதில். அதன் பிறகு இன்னொரு இந்துக் குடும்பத்தில் இருந்து மூன்றாவது ஆள். அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்.

மறுநாள் காலை தகவல் வந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஊரில் டாக்டர் இருந்தார். மருந்தும் இருந்தது. உள்ளே போய் அந்தப் பெண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் மட்டும் இல்லை. ஐடா அமெரிக்கா திரும்பினார். ஆனால், முதலில் நினைத்த வாழ்க்கைக்காக அல்ல, மருத்துவம் படிக்க. 1895-ல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் தன் மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் வாங்கினார்.

பொதுவாக எல்லோரும் சொல்லும் கதை இங்கேயே முடிந்துவிடும். மூன்று மரணங்கள், ஒரு சபதம், ஒரு டாக்டர். ஆனால் நர்சிங் இன்டர்வியூவுக்குப் போகிறவர் படிக்க வேண்டிய பாதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

டாக்டர் ஆனதும் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. 1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்டராக இந்தியா திரும்பினார். அப்பாவுடன் சேர்ந்து கொஞ்ச காலம் வேலை கற்கலாம் என்று நினைத்தார். அதே ஆண்டு மே மாதத்தில் அப்பா இறந்துவிட்டார். புதிய டாக்டர், சீனியர் யாரும் பக்கத்தில் இல்லை. வேலூர் பங்களாவில் ஓர் அறைதான் கிளினிக்.

தொடக்கத்தில் மக்கள் தயங்கினார்கள். நம்பிக்கை வந்ததும் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகள். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர், மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. வேலூர் ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை என்று இன்று இருப்பது அதன் தொடர்ச்சிதான்.

கட்டடம் வந்துவிட்டது. படுக்கையும் வந்துவிட்டது. இப்போ யோசித்துப் பாருங்கள். 40 படுக்கைகளுக்கு ஒரு டாக்டர். காலையில் ஆபரேஷன் செய்தவர், இரவு 2 மணிக்கு ஒவ்வொரு படுக்கையாகப் போய் காய்ச்சல் பார்க்க முடியுமா? தையல் போட்ட இடத்தில் ரத்தம் கசிகிறதா, பிரசவமான பெண்ணுக்கு நாடித் துடிப்பு இறங்குகிறதா என்று யார் கவனிப்பது?

ஆரம்பத்தில் சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணுக்கு ஐடா தானே வேலை கற்றுக்கொடுத்து, உதவிக்கு வைத்துக்கொண்டார். ஒருவர், இருவரை இப்படிப் பழக்கிக்கொண்டே எவ்வளவு தூரம் போக முடியும்? திண்டிவனத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்திருந்தால்கூட, அவரால் ஒரே இரவில் மூன்று வீடுகளுக்கும் போய் இருக்க முடியுமா? இந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது.

1909: டாக்டர்களுக்கு முன்பே நர்ஸ்கள்

வேலூர் என்றதும் நமக்கு மருத்துவக் கல்லூரிதான் ஞாபகம் வரும். ஆனால் ஐடா முதலில் தொடங்கியது அதை இல்லை. 1909-ல் நர்சிங் பள்ளி. மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல். நடுவில் 9 ஆண்டுகள்.

நர்சிங் பள்ளியை நடத்த அமெரிக்க நர்ஸ் டெலியா ஹூட்டன் உடன் இருந்தார். அது அவ்வளவு சுலபமான வேலையாகவும் இல்லை. அடுத்தவர் ரத்தத்தையும் மலத்தையும் தொடுவது தீட்டு என்று பார்த்த சமூகம் அது. இரவு முழுக்க வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று பெற்றோர் பயந்தார்கள். அதனால் தென்னிந்தியாவில் அந்தக் காலத்தில் நர்சிங்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள். படிக்காதவர்கள் செய்யும் வேலை என்று பார்க்கப்பட்ட ஒன்றை, பாடத்திட்டமும் பயிற்சியும் தேர்வும் உள்ள தொழிலாக மாற்ற வேண்டியிருந்தது.

அதே காலகட்டத்தில்தான் சாலையோர மருத்துவமும் வளர்ந்தது. நோயாளிகள் வேலூர் வரட்டும் என்று காத்திருக்காமல், குடியாத்தம் செல்லும் சாலையில் வாரம் ஒருமுறை வண்டியில் மருந்துப் பெட்டியுடன் போவார் ஐடா. பின்னாளில் கார் வந்தது. மரத்தடியில் வண்டி நிற்கும். புண், கட்டி, கண் நோய், தொழுநோய் என்று வரிசையில் காத்திருப்பார்கள். இந்த மாதிரி இடத்தில் கட்டு மாற்றுவதும், மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று புரிய வைப்பதும், அடுத்த வாரம் அதே ஆளை அடையாளம் கண்டு கேட்பதும்தான் பாதி சிகிச்சை. அதாவது நர்சிங்.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிர்ஷ்டம் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. வந்தது 151. முதல் பேட்ச்சில் 14 பேர் 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

1946-ல் இன்னொரு திருப்பம். வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டு டெல்லியிலும் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங்கில் டிகிரி வாங்கலாம் என்ற நிலை வந்தது அப்போதுதான். இன்று பி.எஸ்சி. நர்சிங் என்று ரெஸ்யூமேயில் எழுதுகிற ஒவ்வொருவரும் அந்த ஆண்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. பொறுப்புகளை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டு, கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்தார். 1960 மே மாதம், 89 வயதில் அங்கேயே காலமானார்.

மலையில் இன்னும் முடியாத கதை

ஆண் டாக்டர் வேண்டாம் என்று யாரும் இன்று கதவைச் சாத்துவதில்லை. ஆனால் வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் வேறு ஒரு கதவு சாத்தியே இருக்கிறது. அது தூரம்.

2023 மே மாதம் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். அணைக்கட்டு பகுதியில் உள்ள அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லை. மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸும் பாதி வழியில் நின்றுவிட, அதற்கு மேல் குழந்தையைக் கையில் சுமந்தபடி நடந்தார்கள்.

திண்டிவனத்தில் டாக்டர் இருந்தும் மூன்று பெண்கள் இறந்தார்கள். இங்கே கீழே வேலூரில் நாடே தேடி வரும் மருத்துவமனைகள் இருந்தும் ஒரு குழந்தை இறந்தது. சிகிச்சை இருக்கிறது, ஆனால் நோயாளிக்கும் அதற்கும் இடையில் ஆள் இல்லை. அந்த இடைவெளியில் முதலில் நிற்கக்கூடியவர் யார்? பாம்பு கடித்தால் கட்டு போட்டு இறுக்கக் கூடாது, கடிபட்ட காலை அசைக்கக் கூடாது, உடனே விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்குப் போக வேண்டும் என்று ஊர் மொழியில் சொல்லக்கூடியவர். துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸ். மலையிலேயே பிறந்து, நர்சிங் படித்துவிட்டு பைலோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணும்தான்.

சரி, அந்தக் கேள்விக்கு என்ன பதில்?

மூன்று பேஷன்ட் அழைத்தால் யாரிடம் முதலில் போவீர்கள்? பாடப்புத்தகப் பதில் தெரிந்ததுதான். மூச்சுவிடச் சிரமப்படுகிறவர் முதலில். அடுத்து ரத்தப்போக்கு, ரத்த ஓட்டம். வலிக்கு மாத்திரை கேட்கிறவர், பாத்ரூம் போக உதவி கேட்கிறவர் அதற்குப் பிறகு. பெட் நம்பர் வரிசையோ, முதலில் கூப்பிட்டது யார் என்பதோ கணக்கில் இல்லை.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். இன்டர்வியூ எடுப்பவர்கள் எதிர்பார்க்கும் அடுத்த வரி ஒன்று இருக்கிறது. உடனே பக்கத்து வார்டில் உள்ள சக நர்ஸை உதவிக்குக் கூப்பிடுவேன், டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்வேன், காத்திருக்கும் பேஷன்டிடம் எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவேன் என்பதுதான் அது. எல்லாவற்றையும் நானே சமாளிப்பேன் என்று சொல்வது தைரியமாகத் தெரியலாம். வார்டில் அது ஆபத்து.

ஐடா ஸ்கடர் தன் வாழ்நாளில் எழுதிய விடையும் இதுதான். தன்னால் மட்டும் மூன்று கதவுகளுக்கும் போக முடியாது என்று ஒப்புக்கொண்டு, போகக்கூடியவர்களை உருவாக்கினார். அதையும் நர்ஸ்களில் இருந்து தொடங்கினார்.

ஏன் நர்சிங் என்ற கேள்விக்கும் யாருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சேவை மனப்பான்மை என்று பொதுவாகச் சொல்வதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள். உங்கள் ஊரில் இருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பிரசவ வலி வந்தால் பாட்டி காலத்தில் என்ன செய்தார்கள், பயிற்சியில் நீங்கள் கவனித்த ஒரு பேஷன்ட் எப்படித் தேறினார் என்று நடந்ததைச் சொல்லுங்கள். மலையில் இருந்து வருகிறேன் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டாம். அந்த மக்களின் பேச்சும் பயமும் உங்களுக்குத் தெரியும் என்பது எந்த சர்டிஃபிகேட்டிலும் வராத தகுதி.

பதில் சொல்லிவிட்டு நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம். நைட் டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்? சம்பளத்தோடு சேர்த்து இதையும் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. 40 படுக்கைக்கு ஒருவர் போதாது என்பது வேலூருக்கு 1909-லேயே தெரிந்த விஷயம்.