நீதிமன்றம் வளர்த்த நாவலாசிரியர்

தமிழின் முதல் நாவல் ஒரு நீதிபதியின் கையிலிருந்து பிறந்தது. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணியைத் தொடங்கினார். பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். எளிய மக்கள் தமிழில் உரைத்த முறையீடு ஆங்கிலமாக மாறுவதையும், அவர்தம் நிலத்தையும் வீட்டையும் பற்றிய தீர்ப்பு அவர்களுக்கே விளங்காத மொழியில் வெளிவருவதையும் அங்கு அவர் அன்றாடம் கண்டார்.

தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக விளங்கியபோது இந்நிலையைப் பொறுத்துக்கொண்டு அவர் வாளாவிருக்கவில்லை. 1805 முதல் 1861 வரையிலான உயர் வழக்குமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக அளித்தார். சட்ட நுட்பங்களைத் தமிழில் சொல்வதற்கு முன்மாதிரியான உரைநடை அன்று மிகக் குறைவு. சொல்லைத் தேடி, தொடரை எளிதாக்கி அவர் செய்த இவ்வுழைப்பே, பிற்காலத்தில் நீண்ட கதை எழுதுவதற்கான பயிற்சியாகவும் அமைந்தது எனலாம். அறம் உரைக்க அவர் செய்யுளையும் கையாண்டார். 1859 இல் வெளிவந்த 'நீதிநூல்' கைக்கூலியையும் கண்டிக்கிறது. தம் பதவிக்கு அருகிலேயே நிகழும் குற்றத்தைப் பாடுவதற்குத் துணிவு வேண்டும்.

1872 இல் பணி ஓய்வு பெற்றார். மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். தாது வருடப் பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி வார்த்த அவரது கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றினார்.

1879 இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. கிளைக்கதைகள் குறுக்கிடுவதும், பாத்திரங்கள் நெடிய சொற்பொழிவு ஆற்றுவதும் இந்நாவலின் குறைகளே. ஆயினும், தமிழர் வழக்கைத் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் விந்தையை அது எள்ளி நகையாடும் இடத்தில் கதை உயிர்பெறுகிறது. அங்கே பேசுவது முன்சீபின் நெடுநாள் மனக்குறை. கதைத்தலைவி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு அரசாளும் பகுதியோ, பெண்கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றியவரின் கனவு. நீதி கேட்டு வருவோரின் முன் ஒரு பெண்ணை அரியணையில் அமர்த்தியது அக்காலத்துக்குப் புதுமை.

'சுகுணசுந்தரி' என்னும் அவருடைய இரண்டாம் நாவல் 1887 இல் வெளிவந்தது. ஈராண்டுகளுக்குப் பின், 1889 இல் வேதநாயகர் மறைந்தார்.