காரைக்காலில் 1930-லேயே பள்ளிச் சாப்பாடு... அப்போ காமராசர் செஞ்சது என்ன?

மதிய உணவுன்னாலே காமராசர்தான் நினைவுக்கு வருவார். ஆனா காரைக்கால்காரங்க கணக்கு வேற. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே பள்ளியில் மதிய உணவைத் தொடங்கிவிட்டது. அதற்கும் முன்னாடி, 1920-ல், பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போட முடிவானது.

அப்படின்னா காமராசர் என்ன புதுசா செய்தார்? அதை ஒரு மாநிலத்தின் பொறுப்பாக மாற்றினார்.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா குமாரசாமி இறந்துவிட, படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனார். அப்புறம் காங்கிரஸ், போராட்டம், சிறை. உள்ளே கழிந்த காலம் மட்டும் கிட்டத்தட்ட 9 வருஷம்.

1954 ஏப்ரலில் முதலமைச்சர் ஆனபோது காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. சுற்றிலும் அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், அதாவது காமராசரின் ஆட்சி. அந்த வருஷம் நவம்பர் 1-ல்தான் காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது.

1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் அரிசி, பருப்பு கொடுத்தது ஊர் மக்கள்தான். அரசுப் பணம் பிறகு வந்தது. இதை அவர் தனி ஆளாகச் செய்ததாகச் சொல்வதும் சரியில்லை. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் உழைப்பு இதில் பெரிது.

சாப்பாட்டுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்? பசியோட இருக்கிற பிள்ளை ஆடு மேய்க்கப் போகும், பள்ளிக்கு வராது. அதே ஆட்சியில்தான் கிண்டி தொழிற்பேட்டை, திருச்சி பெல் எல்லாம் வந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அங்கே யாரை வேலைக்கு வைப்பது?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பலன் இன்னும் ஆழம். அதிக வருஷம் படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும், குழந்தைகள் குறையும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5. இதற்குப் பள்ளிச் சாப்பாடு மட்டும் காரணமில்லை. மருத்துவ வசதியும் சேர்ந்தது. ஆனா பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவுன்னு இந்திய அளவிலான ஓர் ஆய்வு 2021-ல் காட்டியது. பலன் அடுத்த தலைமுறைக்கும் போகுது.

காமராசர் 1975 அக்டோபர் 2-ல் காலமானார். எம்.ஜி.ஆர். 1982-ல் திட்டத்தைச் சத்துணவாக விரித்தார். 2001-ல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலமும் சமைத்த உணவு தரணும்னு உத்தரவிட்டது. 2023 ஆகஸ்டில், காரைக்காலை ஒட்டிய நாகை மாவட்டத் திருக்குவளையில், காலை உணவும் மாநிலம் முழுக்க விரிவானது.