பனிச்சப்பாத்துத் தொம்சன்: கூலி பெறாத அஞ்சற்காரர்

அமெரிக்காவின் மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்குச் சரிவிலே, பொன் தேடி வந்தோர் குவிந்த பிளேசர்வில் என்னும் ஊர் உள்ளது. கிழக்கு அடிவாரத்திலே ஜெனோவா என்னும் சிறு குடியிருப்பு. இவை இரண்டிற்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 90 மைல். கோடையில் மனிதரும் பொதிவிலங்குகளும் நடமாடிய இவ்வழி, மாரியிலே முதற் பெரும்பனி வீழ்ந்ததும் அடைபட்டுவிடும். கணவாய்கள் ஏழாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளன. காற்று ஒதுக்கிய பனிக்குவியல்கள் முப்பது, ஐம்பது அடிவரை எழுந்து நிற்கும். ஜெனோவாவில் வாழ்ந்தோர்க்கு மாதக்கணக்கில் கடிதமில்லை. உற்றார் இருக்கின்றனரா, இறந்தனரா என்ற செய்தியுமில்லை. கடிதமொன்றை எதிர்பார்த்து நாட்களை எண்ணுவது எத்தகையது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்க்கு விளக்கவேண்டிய தேவை எமக்கில்லை.

இந்த அடைப்பைத் திறந்தவர் அங்கு பிறந்தவரல்லர். நோர்வே நாட்டின் தெலெமார்க் மலைப்பிரதேசத்தில், தின் என்னும் ஊரில் 1827 ஆம் ஆண்டு பிறந்த அவரது இயற்பெயர் யோன் தோர்ஸ்தைன்சன் ரூ. இளமையிலேயே தந்தையை இழந்தார். 1837 இல், பத்து வயதில், தாயுடன் கப்பலேறி அமெரிக்கா வந்தார். இலினோய், மிசூரி, அயோவா, விஸ்கொன்சின் என மாநிலம் மாநிலமாகக் குடும்பம் இடம்பெயர்ந்தது. அமெரிக்கர் நாவில் நுழையாத அப்பெயர் காலப்போக்கில் ஜோன் தொம்சன் ஆயிற்று. புலம்பெயர்ந்தோர் பெயர்கள் இவ்வாறு குறுகுவதும் திரிவதும் அன்றும் வழக்கமே.

1851 இல் கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு கண்டத்தைக் கடந்து கலிபோர்ணியா சேர்ந்த அவர், சில காலம் பொன் அகழ்ந்தார். பொன் அவருக்குப் பெரிதாக வாய்க்கவில்லை. சக்ரமென்டோ சமவெளியிலே சிறு பண்ணையொன்றை அமைத்துக்கொண்டார். மலைக்கு அப்பால் அஞ்சல் கொண்டுசெல்ல ஆள் தேவை என்ற செய்தி 1855 இன் பிற்பகுதியில் பத்திரிகையில் வந்தபோது, பதினெட்டாண்டுகட்கு முன் விட்டுவந்த ஊரின் ஞாபகம் அவருக்கு உதவிற்று. தெலெமார்க்கில் குழந்தைகள் நடை பழகும் பருவத்திலேயே பனிச்சறுக்குப் பலகைகளில் ஏறிவிடுவர். அந்த ஞாபகத்தைக்கொண்டே ஓக் மரத்தில் பலகைகளைத் தாமே செதுக்கினார். பத்தடி நீளமும் 25 இறாத்தல் எடையும் கொண்ட அவை இன்றைய கண்ணுக்கு வள்ளத்தின் பலகைகளாகவே தோன்றும். சறுக்குப் பலகையை அறியாத அயலவர் அதனை நோர்வேப் பனிச்சப்பாத்து என்று அழைத்தனர். பனிச்சப்பாத்துத் தொம்சன் என்ற பெயர் அவ்வாறு வந்ததே.

1856 சனவரியில் முதற் பயணம் புறப்பட்டார். திரும்பி வரமாட்டார் என்று எண்ணியோரே பலர். கிழக்கு நோக்கி மூன்று நாட்கள், மேற்கு நோக்கி இரண்டு நாட்கள் என்பது பின்னர் அவரது வழமையான கணக்காயிற்று. பிளேசர்வில்லிலிருந்து பைன் காடுகளூடாக ஏறி, மலையுச்சியைக் கடந்தால், கீழே ஏரிப் பள்ளத்தாக்கு விரியும். அதன் வடக்கே, கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல், சுற்றிலும் வெண்சிகரங்கள் சூழ, தாஹோ ஏரி கருநீலமாகக் கிடக்கும். ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் ஆழமுடையதாதலால் கடுங்குளிரிலும் அது உறைவதில்லை. பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் மீண்டும் ஏறி லூதர் கணவாயைத் தாண்டி, ஹோப் பள்ளத்தாக்கு வழியாகக் கார்சன் ஆற்றின் மலையிடுக்கில் இறங்கினால் ஜெனோவா.

அவர் சுமந்தது அறுபது முதல் எண்பது இறாத்தல், சிலவேளை நூறுவரை. அச்சுமைக்காகவே தமக்கென எதையும் எடுத்துச்செல்லவில்லை. போர்வையில்லை, துப்பாக்கியில்லை. உலர்த்திய இறைச்சியும் வரட்டுப் பிஸ்கற்றும் உணவு, பனியே குடிநீர். வெண்பனியின் ஒளி கண்ணைக் கெடுக்காதவாறு முகத்தில் கரி பூசிக்கொண்டார். இரவில் பட்டுப்போன பைன் மரமொன்றுக்குத் தீமூட்டி, அதன் அருகே கிளைகளைப் பரப்பிச் சில மணிநேரம் உறங்குவார். பனிப்புயல் மிஞ்சி அடியெடுத்துவைக்க முடியாதபோது, காற்று துடைத்த தட்டைப் பாறையொன்றின் மீது நின்று, குளிர் கொல்லாதிருக்கத் தம் நாட்டு நடனங்களை விடியும்வரை ஆடினார் என்பர். சாட்சிக்கு ஒருவருமற்ற அந்த ஆட்டத்தை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பு மேலிடுகின்றது. திசைகாட்டியும் அவரிடம் இல்லை. விண்மீன்களும் நீரோடைகளின் போக்கும் மரங்களின் தோற்றமும் அவருக்குப் போதுமாயிருந்தன.

இறக்கத்தில் அவர் கையாண்ட முறையும் குறிப்பிடத்தக்கது. பிற்காலத்துச் சுரங்கத் தொழிலாளர் தடியைக் கால்களுக்கிடையில் வைத்து அதன்மேல் அமர்ந்து வேகத்தைத் தடுத்தனர். தொம்சன் அதனை இகழ்ந்தார். கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி கழியை ஏந்துவதுபோலத் தடியைக் குறுக்காக ஏந்திச் சமநிலை காத்தே இறங்கினார்.

அவரது வாழ்வில் மிகுதியும் பேசப்படுவது 1856 டிசெம்பரில் நிகழ்ந்தது. ஏரிப் பள்ளத்தாக்கின் குடிசையொன்றில் ஜேம்ஸ் சிசன் என்பவர் உறைந்த கால்களுடன் பன்னிரண்டு நாட்களாகத் தனித்துக் கிடந்தார். பச்சை மாவே அவருக்கு உணவாயிருந்தது. தொம்சன் விறகு பிளந்து தீமூட்டிவைத்து, இரவோடிரவாக ஜெனோவாவுக்கு இறங்கி, ஆட்களைத் திரட்டிக்கொண்டு மீண்டும் ஏறினார். அவர்களுட் பலர் சறுக்குப் பலகையில் கால் வைத்தறியாதவர். புதுப்பனியினூடே சிசனைச் சறுக்குவண்டியில் கிடத்தி இழுத்து வந்தனர். கால்களை அகற்றாவிடில் உயிர் தப்பாது என்றார் வைத்தியர். ஆனால் மயக்கமருந்தான குளோரோபோம் அவரிடம் இல்லை. தொம்சன் மூன்றாம் முறையாக மலையேறினார். பிளேசர்வில்லில் மருந்து கிடைக்காமையால் சக்ரமென்டோவரை சென்று, அதனைப் பெற்று, மறுபடியும் மலை கடந்து வந்துசேர்ந்தார். சிசன் கால்களை இழந்தார், உயிர் பிழைத்தார்.

அவர் முதுகில் கடிதங்களோடு வேறு பலவும் மலை கடந்தன. 1858 இன் இறுதியில் ஜெனோவாவிலே டெரிட்டோரியல் என்ரர்பிரைஸ் என்னும் பத்திரிகை தொடங்கியபோது, அதற்கான அச்செழுத்துக்களையும் தாளையும் சுமந்து கொடுத்தவர் அவரே. ஈய எழுத்தின் பாரம் அச்சுக்கூடத்தில் நின்றவர்க்கே தெரியும். 1859 இல், கொம்ஸ்டொக் மலையில் கிடைத்த இனந்தெரியாத நீலநிறக் கல்லின் மாதிரியைச் சோதனைக்காக மேற்கே கொண்டுசென்றோருள் அவரும் ஒருவர். அது வெள்ளிக் கனிமம் எனத் தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் அம்மலையை நோக்கி விரைந்தனர், பலர் கோடீசுவரராயினர்.

1869 இல் லா போர்ட் என்னும் சுரங்க ஊரின் பனிச்சறுக்குப் போட்டியில் அவர் தோற்றார். அவ்வூரார் பலகையின் அடியில் இரகசியமாகக் காய்ச்சிய மெழுகைப் பூசி, செம்மைப்படுத்திய நேர்ச்சரிவில் அம்பெனப் பாய்ந்தனர். மரமும் பாறையும் நிறைந்த உண்மையான மலையில் தம்மோடு இறங்கிவருமாறு அவர் பின்னர் அறைகூவல் விடுத்தார். ஒருவரும் முன்வரவில்லை. போட்டிச்சரிவில் ஓடுவது வேறு, தனித்து மலை கடப்பது வேறு என்பதை இதனினும் நன்கு காட்டும் நிகழ்ச்சி அரிது.

இருபது மாரிகள் அஞ்சல் சுமந்தார் என்பது மரபு. எனினும் காலப்போக்கில் செப்பனிட்ட பாதைகளும் தந்தியும் வந்தன. 1869 இல் கண்டங்கடந்த இருப்புப்பாதையும் பூர்த்தியாயிற்று. ஆகவே அவரது சேவை இன்றியமையாததாயிருந்தது முற்பகுதியிலேயே. அவரைப்பற்றி நாம் அறிவன பெரும்பாலும் டான் டி குவில் என்ற புனைபெயருடைய பத்திரிகையாளர் எழுதிவைத்தவை. அவர் கதையை அழகுபடுத்தத் தயங்காதவர். மிகையைக் கழித்தாலும் எஞ்சுவது சிறிதன்று.

கூலி மட்டும் வரவில்லை. வாக்குறுதிகள் இருந்தன, உறுதியான அரசாங்க ஒப்பந்தம் இருக்கவில்லை. ஊரெங்கும் அவரது வீரத்தைப் போற்றினர். 1868 இல் அல்பைன் மாவட்ட நிர்வாகசபைக்கும் அவரைத் தெரிவுசெய்தனர். ஆனால், வீரனென்று புகழப்படுபவனின் கணக்கைத் தீர்க்க எவரும் அவசரப்படுவதில்லை. 6,000 டொலர் வழங்கவேண்டுமென நெவாடா சட்டசபை 1869 இல் காங்கிரசுக்குப் பரிந்துரைத்தது. பயன் கிட்டவில்லை. 1870களின் தொடக்கத்தில் அவரே நேரில் கேட்க வோஷிங்டனுக்குப் புறப்பட்டார். வயோமிங்கில் புகையிரதம் பனியிற் புதைந்தது. ஏனைய பயணிகள் காத்திருக்க, அவர் இறங்கி லாரமிவரை நடந்தார். அங்கிருந்து ஐம்பது மைலுக்கும் மேல் தனியே நடந்து ஷயேனில் வேறு புகையிரதம் பிடித்தார். தலைநகரில் கனிவான சொற்கள் கிடைத்தன. பணம் கிடைக்கவில்லை.

1876 மே 15 அன்று, நோயுற்று, டயமண்ட் பள்ளத்தாக்கிலிருந்த தம் பண்ணையிற் காலமானார். வயது 49. ஒரே மகன் ஆர்தர் இரண்டாண்டுகளில் இறந்து, ஜெனோவாவில் தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டான். மனைவி ஆக்னஸ் 1885 இல் கணவரின் கல்லறைக்குக் கல் நாட்டினார். அதிலே ஒன்றன்மேலொன்று குறுக்காக வைத்த இரு சறுக்குப் பலகைகள் செதுக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவில் பெற்ற பெயரையும் கல்தச்சர் ஓரெழுத்துக் குறைத்தே பொறித்திருக்கிறார்.